பூஞ்சை மருந்துதானே ஊற்றினேன், புழு எங்கே போச்சு?

மண்ணும் மருந்தும் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, சுற்றிச் சுற்றி மண்புழுவிடமே வந்து நிற்கின்றன. கேட்டவர்கள் எல்லோரும் சென்னையிலும் அதன் ஓரங்களிலும் இருப்பவர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, ஒன்பதாகச் சுருக்கியிருக்கிறோம்.

மாடியில் பன்னிரண்டு ரோஜாத் தொட்டி, ஒவ்வொன்றிலும் பத்து கிலோ கலவை. இலையில் கரும்புள்ளி, தண்டும் நுனியிலிருந்து காய்ந்தது. நர்சரியில் கார்பென்டாசிம் 50 டபிள்யூ.பி. என்ற பூஞ்சை மருந்துத் தூளைக் கொடுத்து, லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றச் சொன்னார்கள். 15 நாள் கழித்து மறுபடியும் ஊற்றினேன். பூச்சிமருந்து எதுவும் அடிக்கவே இல்லை. இப்போது கலவையில் ஒரு மண்புழுகூட இல்லை. எறும்பு தின்றிருக்குமா?
– வாசகி, கொளத்தூர்

எறும்பின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் ஊற்றிய மருந்தே போதும். பூச்சிமருந்துதான் புழுவைக் கொல்லும், பூஞ்சை மருந்து சாது என்று பலரும் நினைக்கிறார்கள். மண்புழு விஷயத்தில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். வயலில் பெயரெடுத்த சில பூச்சிமருந்துகளைவிடக் கார்பென்டாசிம் மண்புழுவுக்குக் கொடியது. ஒரு மருந்து மண்புழுவின் இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கும்போது, ‘சோதனை ஒழுங்காக நடக்கிறதா’ என்று சரிபார்க்கப் பக்கத்திலேயே ஒரு நிச்சய விஷத்தையும் வைப்பார்கள். அதற்குப் பயன்படுவது இதே கார்பென்டாசிம்தான். பிரிட்டனில் கோல்ஃப் புல்வெளியில் மண்புழு எச்சம் குவியாமல் இருக்க இதையே வாங்கித் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி உங்கள் தொட்டிக் கணக்கு. லிட்டருக்கு 2 கிராம் என்றால் அரை லிட்டரில் 1 கிராம் தூள். 50 டபிள்யூ.பி. என்பதால் அதில் பாதி, அதாவது 500 மில்லிகிராம், அசல் மருந்து. பத்து கிலோ கலவையில் அது பரவினால் கிலோவுக்கு 50 மி.கி.; இரண்டு முறைக்கு 100 மி.கி. ஆய்வுக்கூடச் சோதனையிலோ, கிலோ மண்ணுக்கு 1 முதல் 5 மி.கி. இருந்தாலே மண்புழுக் குஞ்சுகளின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி விழுகிறது.

அப்படியானால் இதையே அடிக்கிற விவசாயியின் நிலத்தில் புழு எப்படித் தப்பிக்கிறது? அவர் ஹெக்டேருக்கு அரை கிலோ தூளை இலைமேல் தெளிக்கிறார். அசல் மருந்து 250 கிராம். ஒரு சதுர மீட்டருக்கு 25 மி.கி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் மேல் 10 செ.மீ. மண் ஏறக்குறைய 130 கிலோ எடை இருக்கும். தெளித்தது மொத்தமும் மண்ணில் விழுந்தாலும் கிலோவுக்கு 0.2 மி.கி.தான். உங்கள் தொட்டியில் விழுந்தது அதைப்போல ஐந்நூறு மடங்கு. மருந்தின் பெயரைவிட ‘கிலோ மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம்’ என்ற கணக்குதான் முக்கியம். இலைக்கு அடிக்கும் மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றும்போது இந்தக் கணக்கு எகிறிவிடுகிறது. தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும். அத்தனையும் புழுவின் உடம்பில் ஏறிவிடாது என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு வித்தியாசத்தை எருவால் சரிக்கட்ட முடியாது.

செல் பிரிய வேண்டுமானால் டியூபுலின் என்ற புரதம் இழைகளாகக் கோத்துக்கொள்ள வேண்டும். கார்பென்டாசிம் அதைக் கோக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை வளராமல் நிற்பது இதனால்தான். மண்புழுவின் டியூபுலினும் இதற்கு மசிகிறது. முதலில் தீனி எடுப்பதை நிறுத்தும், பிறகு மெலியும், முட்டைக்கூடு போடாது, கடைசியில்தான் சாகும். மண்ணில் இந்த மருந்து கரைய மாதக்கணக்கு ஆகும். செடியில்லாத மண்ணில் பாதி குறையவே 6 முதல் 12 மாதம்கூடப் பிடிக்கலாம். ஆகவே அடுத்த வாரமே அரை கிலோ புழு வாங்கி விடாதீர்கள், அந்தக் காசும் போய்விடும். ரோஜாவை மாற்றி நட முடிந்தால் வேரோடு ஒட்டிய மண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் கலவையில் வையுங்கள். முடியாவிட்டால் பத்து கிலோவுக்கு 200 கிராம் மரக்கரித்தூள் கலந்துவிடலாம். கரி மருந்தை அழிக்காது, இறுகப் பிடித்து வைக்கும். புழுவின் உடம்பில் ஏறுவது குறையும். அதன் பிறகும் கீழே சொல்லியிருக்கும் 48 மணி நேரச் சோதனையைச் செய்துவிட்டே புழு விடுங்கள்.

கரும்புள்ளிக்கு என்ன செய்வது? புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், சாயங்காலம் இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த தண்டைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டி, வெட்டுவாயில் மட்டும் தாமிரப் பசையைத் தடவுங்கள். மருந்து அடித்தே தீர வேண்டுமானால் தொட்டியின் வாயைச் செய்தித்தாளால் மூடிவிட்டு இலைக்கு மட்டும் அடியுங்கள், காய்ந்ததும் தாளை எடுத்துவிடலாம். கடையில் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: ‘கார்பென்டாசிம் 12% + மான்கோசெப் 63%’ என்ற கலப்பிலும் இதே சரக்குதான் இருக்கிறது. தயோஃபனேட் மெத்தில் என்று எழுதியிருந்தால், அது மண்ணுக்குள் போய்க் கார்பென்டாசிமாகவே மாறிவிடும்.

தோட்டத்தில் செத்த மண்புழு எதுவும் கண்ணில் படவில்லை. பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருவான்மியூர்

கூடாது. நம்மூர் வெக்கையில் செத்த புழு ஓரிரு நாளில் கரைந்துவிடும், மிச்சத்தை எறும்பு இழுத்துப் போய்விடும். பிணத்தைத் தேடாமல் குழந்தைகளைத் தேடுங்கள்.

25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். மண்ணை அப்படியே ஒரு வெள்ளைச் சாக்கில் கொட்டி, கட்டிகளைக் கையால் உதிர்த்துத் தேடுங்கள். மூன்று எண்ணிக்கை வேண்டும். உடம்பின் முன்பகுதியில் தடித்த பட்டை இருப்பவை வளர்ந்த புழுக்கள். அந்தப் பட்டைக்குக் கிளைடெல்லம் என்று பெயர். பட்டை இல்லாத சின்னவை குஞ்சுகள். மூன்றாவது, முட்டைக்கூடுகள்: கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் சுருக்கிய வடிவில், முதலில் மஞ்சளாகவும் பிறகு செம்பழுப்பாகவும் இருக்கும். கிடைத்ததை 16-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு. ஒரே குழியை நம்பாமல் தோட்டத்தில் நாலைந்து இடத்தில் எடுங்கள். பெரிய புழு இருக்கிறது, குஞ்சும் கூடும் இல்லை என்றால் மண்ணில் ஏதோ இனப்பெருக்கத்தைத் தடுக்கிறது. புழுவைக் கொல்லாத அளவில் இருக்கும் மருந்து பெரும்பாலும் இங்கேதான் முதலில் கைவைக்கும். இரண்டு வருடம் கழித்து ‘திடீரென்று புழுவே இல்லை’ என்று தோன்றுவதும் இதனால்தான். அது திடீர் இல்லை, வாரிசில்லாமல் கிழடுகள் மட்டும் இருந்து போயிருக்கின்றன.

எப்போது எண்ணுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மே மாதம் குழி தோண்டிவிட்டுப் புழு இல்லை என்று எழுதுகிறார்கள். கத்திரி வெயிலில் நம்மூர்ப் புழு ஈரம் தேடிக் கீழே போய்ச் சுருண்டு கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்து மண் நன்றாக ஊறிய பிறகு, நவம்பரிலோ டிசம்பரிலோ எண்ணுங்கள். உங்கள் பகுதியில் இன்னொரு சந்தேகமும் உண்டு: உப்பு. கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மட்டுமே ஊற்றும் மணல் மண்ணில் மருந்தே இல்லாவிட்டாலும் புழு தங்காது. தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கிறதா, காய்ந்த தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிகிறதா என்று முதலில் பாருங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டவர்களுக்கும் இதே பதில்.

உயிரோடு கிடைக்கும் புழுவின் உடம்பும் சேதி சொல்லும். தொட்டால் நெளிந்து ஓடாமல் சுருள்வது, தோலில் மஞ்சள் கசிவு, சளி அதிகமாவது, வால் பக்கம் தானாக அறுந்து விழுவது, பட்டை வீங்குவது ஆகியவை நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளின் அடையாளம். அங்கங்கே இறுக்கிக் கட்டியதுபோல, மணி கோத்த சரமாக உடம்பு தெரிந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். எருப்படுக்கையில் தவிடு, பருப்புக் கழிவு என்று புரதத்தைக் கொட்டினாலும் புழு அப்படித்தான் ஆகும்.

மழை பெய்த மறுநாள் காலையில் தெருவெல்லாம் மண்புழு செத்துக் கிடக்கிறது. கொசு மருந்துப் புகையாலா?
– வாசகி, தாம்பரம்

புகையால் இல்லை. மண்புழு தோலால் மூச்சு விடுவது. வளை முழுக்க மழைத்தண்ணீர் நின்றால் பிராணவாயு குறையும், மேலே வரும். தார்ச்சாலையில் ஏறிய பிறகு திரும்ப வழியில்லை, வெயில் வந்ததும் உலர்ந்துவிடும். இத்தனை புழு வெளியே வருகிறது என்றால் உங்கள் தெரு ஓர மண் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே அர்த்தம்.

வீடு கட்டி இரண்டு வருடம். சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மூன்றடி மண். மாட்டு எரு, இலைச்சருகு எவ்வளவு போட்டும் அந்த இடத்தில் மட்டும் புழு வரவில்லை, பின்பக்கம் நிறைய இருக்கிறது. கட்டும்போது கரையான் மருந்து அடித்தார்கள். அதுதான் காரணமா? அங்கே கீரை போடலாமா?
– வாசகர், மேடவாக்கம்

பெரும்பாலும் அதுவே. கீரை போட வேண்டாம்.

கரையான் தடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313. குளோர்பைரிபாஸ் 20 இ.சி. (20% திரவம்) வாங்கினால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்து 1% கரைசலாக்குவார்கள். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. (30.5% திரவம்) என்றால் லிட்டருக்கு 2.1 மி.லி.; கரைசல் 0.075%. தரைக்கு அடியில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அடித்தளச் சுவரை ஒட்டி மண் நிரப்பும் இடத்தில் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 7.5 லிட்டர். பழைய கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். 1% கரைசல் 5 லிட்டரில் 50 கிராம் அசல் குளோர்பைரிபாஸ். மேல் 10 செ.மீ. மண்ணில் தங்கியதாக வைத்தால் கிலோவுக்கு 385 மி.கி. இமிடாகுளோபிரிட் என்றால் 3.75 கிராம், கிலோவுக்கு 29 மி.கி. ஆய்வுக்கூடத்தில் எருப்புழுவில் பாதி சாகும் இமிடாகுளோபிரிட் அளவு கிலோவுக்குச் சுமார் 10 மி.கி.; அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே வளை தோண்டுவது குறைகிறது. பயிருக்கு இதே மருந்தை ஹெக்டேருக்கு 25 கிராம் அடிக்கிறார்கள். உங்கள் சுவரோரத்துக்கு விழுந்தது அதைப்போல 1,500 மடங்கு. ‘வயலில் அடிப்பதுதானே சார், ஒண்ணும் ஆகாது’ என்று மருந்தடிக்க வந்தவர் சொல்லியிருந்தால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

வருடக்கணக்கில் கரையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த அளவு வைத்திருக்கிறார்கள். எரு போட்டு இரண்டு வருடத்தில் சரியாகிவிடாது. எது அடித்தார்கள் என்று ரசீதைத் தேடிப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. குளோர்பைரிபாஸ் மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டு அடித்த இடத்திலேயே கிடக்கும். இமிடாகுளோபிரிட் தண்ணீரோடு நகரும், வேர் வழியாகச் செடிக்குள்ளும் ஏறும். கீரை வேண்டாம் என்பது இதனால்தான். துளசி, கறிவேப்பிலை, பிரண்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்த மூன்றடியில் குரோட்டன், அரளி மாதிரி வாயில் போடாத செடிகளை வையுங்கள். கீரைதான் வேண்டுமென்றால் அடியில் தட்டுக் கொடுத்த தொட்டியில், புது மண்ணில் போடுங்கள். அங்கிருந்து மண்ணை வாரிப் பின்பக்கத் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள்; நல்ல இடமும் கெடும்.

மழைநீர் சேகரிப்புக் குழி அந்த ஓரத்தில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2003-இலிருந்து சென்னையில் அது கட்டாயம் என்பதால் பல வீடுகளில் இடம் கிடைத்த மூலையில், சுவரோரமாகவே வெட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை கரையான் மருந்து அடிக்கும்போது குழிக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அடிக்கும் அன்று கூடவே நின்று பாருங்கள்.

வேப்பெண்ணெய், வேப்பம்புண்ணாக்கு, போர்டோ கலவை. இயற்கை வழி என்பதால் புழுவுக்குப் பயமில்லைதானே?
– வாசகி, அம்பத்தூர்

மூன்றையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், மூன்றும் மூன்று விதம். புண்ணாக்கு பத்து கிலோ தொட்டிக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் அளவில் பயமில்லை. அரை கிலோ கொட்டினால் மட்கும்போது எழும் சூடும் அம்மோனியாவும் புழுவை விரட்டும், அதற்கு வேம்பு காரணமில்லை. வேப்பெண்ணெயை இலைக்குத் தெளிக்கலாம். கரைக்கச் சேர்க்கும் சோப்புதான் மண்ணில் வழிந்தால் ஈரத்தோலை அரிக்கும், மண்ணில் ஊற்றாதீர்கள்.

போர்டோ கலவையில் இருப்பது தாமிரம். இயற்கை விவசாயத்தில் வரம்போடு அனுமதி உண்டு என்பதால் அதைத் துளசித் தீர்த்தம்போல ஊற்றுகிறார்கள். மற்ற மருந்துகள் மெதுவாகவாவது சிதையும். தாமிரம் தனிமம், சிதைவதற்கு அதில் ஒன்றுமில்லை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50% தூளை லிட்டருக்கு 3 கிராம் கரைத்துத் தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றினால் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 75 மி.கி. தாமிரம் சேரும். மூன்று தடவையில் 225. புழு முட்டைக்கூடு போடுவது குறைய இது தாராளம். மழைக்காலத்து வேரழுகலுக்கு வடிகால் துளையைச் சரிசெய்வதும், எருவோடு டிரைகோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து போடுவதும் முதல் வைத்தியம். அதற்குப் பிறகுதான் தாமிரம்.

கோயம்பேட்டிலிருந்து காய்கறி, பூக் கழிவும், பக்கத்துத் தொழுவத்திலிருந்து சாணமும் வாங்கி மண்புழுப் படுக்கை போட்டேன். விட்ட அன்று ராத்திரியே புழு சுவரேறி வெளியே வந்து செத்தது. கழிவில் பூச்சிமருந்து இருந்திருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மாதவரம்

அன்று ராத்திரியே ஏறி வந்தது என்றால் முதல் சந்தேகம் சூடும் மூத்திர நெடியும். படுக்கைக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் மட்கவில்லை. புதுச் சாணத்தையும் பச்சைக் கழிவையும் தனியாகக் குவித்து, வாரம் ஒரு முறை புரட்டி, 15–20 நாள் ஆறவிட்ட பிறகே புழுவுக்குக் கொடுக்க வேண்டும். பலர் இந்த இருபது நாளைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

சூடு இல்லை, நெடியும் இல்லை, அப்படியும் ஓடுகிறது என்றால் சாணம் கொடுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மாட்டுக்குக் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள்?’ அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும், முதல் பதிலில் பார்த்த கார்பென்டாசிமும் ஒரே குடும்பம். மாட்டின் வயிற்றுப் புழுவைக் கொல்வது சாணத்தில் வெளியேறி மண்புழுவையும் பதம் பார்க்கும். மருந்து கொடுத்த பிறகு இரண்டு வாரச் சாணத்தை மண்புழுப் படுக்கைக்கு எடுக்காதீர்கள். பூக் கழிவையும் முழுதாக நம்பாதீர்கள். மல்லியும் ரோஜாவும் சாமந்தியும் யாரும் தின்பதில்லை என்பதால் பறிக்கும் நாள்வரை மருந்தடிக்கத் தயங்குவதில்லை. காலிபிளவரின் வெளி இலைகளும் அப்படித்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆய்வுக்கூடங்களில் செய்யும் ‘விலகல் சோதனை’யின் வீட்டு வடிவம் இது. ஒரு முழ நீள பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நடுவில் அட்டையைத் தடுப்பாக நிறுத்துங்கள். ஒரு பக்கம் சந்தேகப்படும் எருவையோ மண்ணையோ, மறுபக்கம் நல்லது என்று தெரிந்ததையும், இரண்டும் 5–6 செ.மீ. உயரம் வரும்படி போடுங்கள். ஈரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: கையில் இறுக்கிப் பிழிந்தால் ஒரு துளி, இரண்டு துளி. அட்டையை உருவிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் வளர்ந்த புழு பத்தை ஒவ்வொன்றாக வையுங்கள். துளையிட்ட மூடியால் மூடி, 48 மணி நேரம் வீட்டுக்குள், கட்டிலடியில் வையுங்கள். மாடியில் வைத்தால் வெயிலே கொன்றுவிடும். பிறகு அதே இடத்தில் அட்டையைச் செருகிவிட்டு எண்ணுங்கள். கோட்டின் மேல் கிடப்பதற்கு இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. மூன்று டப்பாவில் செய்து, மொத்தத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் நல்ல பக்கம் போயிருந்தால் சந்தேகப்பட்ட சரக்கு ஆகாது.

இதில் இரண்டு தப்பு அடிக்கடி நடக்கும். ஈரம் குறைந்த பக்கத்தைப் புழு வெறுப்பதை மருந்து என்று நினைத்துக்கொள்வது ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே நல்ல எருவைப் போட்டு இன்னொரு டப்பாவையும் வையுங்கள். அதில் பாதிக்குப் பாதி பிரியாவிட்டால் உங்கள் டப்பாவிலோ வெளிச்சத்திலோ கோளாறு. இரண்டாவது ஆபத்தானது: கார்பமேட், ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்பை முடக்கிவிடும். ஓட நினைத்தாலும் புழுவால் ஓட முடியாது. ‘அங்கேயே இருக்கிறதே, பிடித்திருக்கிறது போல’ என்று ஏமாறாமல், ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

பொறுமை இருந்தால் நீண்ட சோதனை இன்னும் நம்பகமானது. அரை கிலோ மண்ணில் பட்டையுள்ள புழு பத்து. வாரம் ஒரு தடவை உலர்த்தித் தூளாக்கிய சாணம் 5 கிராம். 28-ஆம் நாள் பெரியவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மண்ணை அப்படியே இன்னும் 28 நாள் ஈரம் குறையாமல் வைத்து, குஞ்சுகளை எண்ணுங்கள். நல்ல மண்ணில் இன்னொரு டப்பாவையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுங்கள்.

காலி மனையில் கோரையும் அருகும் தாங்க முடியவில்லை. கிளைபோசேட் அடித்தால் மண்புழுவுக்கு ஆபத்தில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். சரியா?
– வாசகர், பூந்தமல்லி

கடைக்காரர் சொல்வது பாதி சரி. சாகுமா என்று மட்டும் பார்த்தால் கிளைபோசேட் மண்புழுவை எளிதில் கொல்லாது. 2015-இல் ஆஸ்திரியாவில் நடந்த ஒரு சோதனையில், கிளைபோசேட் அடித்த மூன்று வாரத்தில் ஆழ வளை தோண்டும் புழு மேலே எச்சம் தள்ளுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மேல்மண்ணில் வாழும் இன்னொரு வகையின் இனப்பெருக்கம் மூன்று மாதத்தில் 56% குறைந்தது. அங்குள்ள புழு வேறு, மண் வேறு; எண்ணை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. ‘சாகவில்லை’ என்பதும் ‘பாதிப்பில்லை’ என்பதும் ஒன்றல்ல என்பது மட்டும் இங்கும் பொருந்தும். தவிர, 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, பூச்சிக்கட்டுப்பாடு செய்ய உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது.

கோரைக்கு அடியில் கிழங்கு இருக்கும்வரை எதை அடித்தாலும் திரும்ப வரும். மழை ஓய்ந்த ஈரத்தில் கிழங்கோடு கொத்தி எடுத்து, கோடையில் மண்ணை நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் ஆறு வாரம் மூடிவையுங்கள். அந்தச் சூட்டில் மேல்மண் புழுவும் இருக்காது. ஆனால் ஓரங்களை மூடாமல் விட்டால் மழைக்குப் பின் அங்கிருந்து அதுவாகப் பரவும்.

மருந்தை நிறுத்தி ஒரு வருடமாகிறது. மண்புழு வாங்கி விடலாமா? எந்த வகை?
– வாசகி, மயிலாப்பூர்

வாங்குமுன், கடையில் எடைபோட்டு விற்கிற புழு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஐசீனியா ஃபெட்டிடா அல்லது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜீனியே. இரண்டும் சாணத்தையும் குப்பையையும் தின்று வாழ்பவை; எருப்படுக்கைக்குச் சரி, தோட்ட மண்ணில் விட்டால் சருகு தீர்ந்ததும் போய்விடும். நம் மண்ணுக்கு உரியவை லாம்பிட்டோ மௌரிட்டியும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும். உள்ளூர்ப் புழுக்களை வைத்தே எரு தயாரிக்கலாம் என்று சென்னையைச் சேர்ந்த மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருடமாகச் சொல்லி, செய்தும் காட்டியிருக்கிறார்.

மருந்துச் சோதனைகளுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். ‘மண்புழுவுக்குப் பாதுகாப்பானது’ என்று அறிக்கையில் வருவது பெரும்பாலும் ஐசீனியாவை வைத்துச் செய்த சோதனை. அது ஓரளவு கெட்டிப் புழு. மண்ணையே தின்று வாழும் லாம்பிட்டோவுக்கு மருந்து தோல் வழியாகவும் குடல் வழியாகவும் போகிறது.

பக்கத்தில் மருந்து படாத மண் இருந்தால் ஒன்றும் வாங்க வேண்டாம். மேலே நாலு விரல் உயரத்துக்குச் சருகு மூடாக்கு, ஈரம், கொத்தாத மண். இதை ஒரு மழைக்காலம் காப்பாற்றினால் வரப்பிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் அவையே வரும். நாற்புறமும் சிமெண்டு போட்ட முற்றத்துக்கு மட்டும், நல்ல தோட்டத்திலிருந்து புழுவோடும் முட்டைக்கூட்டோடும் ஒரு கூடை மேல்மண்ணைக் கொண்டுவந்து, மழை நாளில், நிழலில் பதியுங்கள்.

நாட்டுக்கோழிக்கு மண்புழு கொடுக்கிறோம். மருந்தடித்த நிலத்துப் புழு கொடுத்தால் கோழிக்கு ஏதாவது ஆகுமா?
– வாசகர், மீஞ்சூர்

ஆகலாம். சில மருந்துகள் மண்ணில் இருப்பதைவிடப் புழுவின் உடம்பில் கூடுதலாகச் சேரும். 1950-களில் அமெரிக்காவில் எல்ம் மரத்தின் நோய்க்கு டி.டி.டி. அடித்தார்கள். உதிர்ந்த இலையை மண்புழு தின்றது, மண்புழுவை ராபின் குருவிகள் தின்றன, குருவிகள் கூட்டமாகச் செத்தன. டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்த இந்தியா 1989-இல் தடைவிதித்துவிட்டது. ஆனால் கொழுப்பில் தங்கும் பழைய மருந்துகளின் மிச்சம் பழைய நிலங்களில் இன்னும் இருக்கக்கூடும். எருப்படுக்கையில் நீங்களே வளர்த்த புழுவைக் கொடுங்கள், வயல் புழு வேண்டாம்.

புழுவைவிட அவசரமான ஆபத்து குருணை மருந்து. கார்போஃப்யூரான் 3 ஜி குருணையைத் தானியம் என்று கோழி நேராகவே கொத்தும், மைனாவும் கொத்தும். சில குருணையிலேயே விழுந்துவிடும். நாற்றங்காலுக்குப் போட்ட அன்றிலிருந்து அந்தப் பக்கம் கோழியை விடாதீர்கள், வரப்பில் சிந்தியதை மண்ணோடு வாரிக் குழிதோண்டிப் புதையுங்கள். மீதிப் பொட்டலத்தைத் தீவன மூட்டை இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.